முள்ளங்கி ஊறுகாயின் நாற்றத்தை விடுங்கள், வினிகர் எங்கே வாங்கினீர்கள்?

கேள்வி: வெள்ளை முள்ளங்கியை வட்டவட்டமாக நறுக்கி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஊற்றி, கண்ணாடி ஜாடியில் ஊறுகாய் போட்டேன். அசதியில் முதல் நாள் இரவு முழுக்க ஜாடி வெளியிலேயே இருந்துவிட்டது. காலையில்தான் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் குப்பென்று நாற்றம். முள்ளங்கி லேசாக மஞ்சளாகியிருக்கிறது, நீரும் கலங்கலாக இருக்கிறது. வினிகர், பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் கடையில் லூஸில் வாங்கியது. ஊறுகாய் கெட்டுவிட்டதா? கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள். ஆனால் நாற்றத்துக்காகவோ மஞ்சளுக்காகவோ கொட்ட வேண்டாம். அவை இரண்டும் முள்ளங்கியின் இயல்பு. நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த லூஸ் வினிகருக்காகவும், வெளியில் கழிந்த அந்த ஓர் இரவுக்காகவும் கொட்டச் சொல்கிறேன்.

முதலில் நாற்றம். முள்ளங்கிக்குள் கந்தகம் சேர்ந்த ஒரு சத்தும், அதை உடைக்கும் நொதி ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்துவிடும். பச்சை முள்ளங்கியைக் கடித்தால் நாக்கில் சுரீரென்று ஏறும் காரம் அப்படிப் பிறப்பதுதான். அந்தக் காரப்பொருள் தண்ணீரில் நிலைத்து நிற்காது, சிதையும். சிதையும்போது கந்தக வாயுக்கள் வெளிவரும், மஞ்சள் நிறமும் உண்டாகும். மூடிய ஜாடியில் அந்த வாயு போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று நாள் கழித்து நீங்கள் மூடியைத் திருகியதும் மொத்தமாக முகத்தில் அடிக்கிறது. கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். சிவப்புத் தோல் முள்ளங்கி போட்டிருந்தால் நீர் இளஞ்சிவப்பாகியிருக்கும். அதுவும் தோலின் சாயம்தான், கெடுதல் இல்லை.

நாற்றம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை தோலைச் சீவிவிடுங்கள், காரம் தோலுக்கு அருகில்தான் அதிகம். நறுக்கியதும் உப்புப் பிசறி அரை மணி நேரம் வைத்து, விடும் நீரைக் கொட்டி, ஒரு முறை அலசி வடித்துவிட்டுப் போடுங்கள். முழுதாகப் போகாது, ஓரளவு அடங்கும்.

கலங்கல் விஷயம் இவ்வளவு எளிதில்லை. கலங்கினால் கொட்டு என்பதுதான் பொது விதி, அதை நானும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது தெரியாமல் நல்ல ஊறுகாயைக் கொட்டுபவர்களும், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கெட்டதைச் சாப்பிடுபவர்களும் இருப்பதால் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தூள் உப்பு கட்டி தட்டாமல் இருக்க அதில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது தண்ணீரில் கரைவதில்லை, பால் கலந்த மாதிரி மங்கலாக மிதக்கும், பிறகு மெல்ல அடியில் படியும். உங்கள் உப்பு அப்படிப்பட்டதா என்று பார்க்க, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து அதே உப்பை ஒரு கரண்டி போட்டுக் கரையுங்கள். டம்ளருக்குப் பின்னால் அச்செழுத்து உள்ள காகிதம் ஒன்றைப் பிடித்துப் படித்துப் பாருங்கள். எழுத்து மங்கினால் கலங்கலுக்கு உப்பு ஒரு காரணம். ஆனால் உப்புக் கலங்கலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், நாளாக ஆகக் குறையுமே தவிர அதிகமாகாது. ஊற்றும்போது தெளிவாக இருந்த நீர் மூன்றாம் நாள் கலங்கினால் உப்பின்மேல் பழி போடாதீர்கள். உள்ளே ஏதோ பெருகிக்கொண்டிருக்கிறது. அதோடு சிறு குமிழிகள் ஏறினாலோ, திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, முள்ளங்கி விரலில் வழுக்கினாலோ, நீர் நூல் மாதிரி இழுபட்டாலோ பேச்சே இல்லை. ருசி பார்த்து முடிவு செய்கிறேன் என்று நாக்கில் வைக்கவும் கூடாது. உங்கள் நீர் எப்போது கலங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை ஊற்றி முடித்ததும் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கி ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

இனி வினிகர். இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் இந்த வகை ஊறுகாயில் காவல் காப்பது அது ஒன்றுதான். வினிகரின் வலிமை என்பது அதில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் அளவு. 5 சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம். ஊறுகாய்க் குறிப்புகளில் வரும் சமபங்குக் கணக்கு இந்த 5 சதவீதத்தை மனதில் வைத்துச் சொன்னது. பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் அது 2.5 ஆகிறது. முள்ளங்கியில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதுவும் ஊறல் நீரோடு கலந்து சமமாகும்போது கடைசியில் மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். அது போதும். உங்கள் கேனில் இருந்தது 2 சதவீதமாக இருந்தால்? இதே கணக்கில் உங்களுக்கு மிஞ்சியது ஒன்றுக்கும் கீழே. அந்த நிலையில் ஓர் இரவு வெளியிலும் இருந்திருக்கிறது.

ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது, குளிர் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். முழுக்கக் காப்பாற்றாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்லப் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் கடுமையாகத் தாக்கும். போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி, புளிப்பைக் காட்டும் பிஎச் என்ற அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் வளராது. அதற்கு மேலே போய், காற்றும் புகாமல், வெளிச்சூட்டிலும் இருந்தால் வளரலாம். அந்த நஞ்சுக்கு மணமோ ருசியோ கிடையாது. நாற்றம் வந்ததால் பயந்தீர்கள். நாற்றமே வராமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பீர்கள், அதுதான் என் கவலை.

கேனில் ஊற்றி விற்பவரிடம் சதவீதம் கேளுங்கள். “நல்ல ஸ்ட்ராங்” என்பார். அது பதில் ஆகாது. பெரிய கேனில் வாங்கி, தண்ணீர் சேர்த்து, பழைய பாட்டில்களில் அடைத்து விற்கிற இடைத்தரகர் நடுவில் ஒருவர் புகுந்துவிட்டால், தயாரித்தவர் என்ன வலிமையில் அனுப்பினார் என்பதற்கு அர்த்தமே இல்லை. இன்னும் மோசமானது, தொழிற்சாலை உபயோகத்துக்கான அடர் அமிலத்தைக் குத்துமதிப்பாக நீர்த்து வினிகர் என்று விற்பது. அந்த அமிலம் தோலைப் பொசுக்கும், உணவுக்கான சுத்தத்தில் தயாரானதும் இல்லை. “கொஞ்சமாக அடர் அமிலம் தருகிறேன், வீட்டில் நீங்களே தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், லாபம்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள். சுத்தம் செய்வதற்கென்று விற்கும் வினிகரையும் வலிமை அதிகம் என்று ஆசைப்பட்டு வாங்க வேண்டாம்.

மூடி முத்திரை உடையாத பாட்டிலாக வாங்கி, லேபிளில் சதவீதத்தைத் தேடுங்கள். தேடத்தான் வேண்டும். பழப்படம் பாதிப் பாட்டிலை அடைத்திருக்கும், “இயற்கை” என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கும், நமக்குத் தேவையான ஒரே எண் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு மூலையில் கிடக்கும். வினிகர் என்று பெயர் போட்டு விற்க 4 சதவீதத்தை ஒட்டி ஓர் அடிமட்ட அளவை விதியாக வைத்திருக்கும் நாடுகள் பல. அந்த எண்ணை முன்பக்கம் பெரிதாகப் போடு என்று ஒரு வரி சேர்க்க எதற்கு இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிவதே இல்லை. சமையல் வீடியோ போடுபவர்களும் “ஒரு கப் வினிகர்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த வலிமை என்று சொல்ல இரண்டு விநாடி போதும்.

உங்களுக்குக் கிடைப்பது 4 சதவீத வினிகர் என்றால் சமபங்கு வேண்டாம். 5 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணீர், அதாவது 300 மில்லிலிட்டருக்கு 180. அதே 2.5 சதவீதம் வந்துவிடும். புளிப்பு தாங்கவில்லை என்றால் சர்க்கரையைக் கூட்டுங்கள். தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

பிஎச் காகிதம் வாங்கிச் சோதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சோதிக்கலாம், ஆனால் வினிகரை நேரடியாகச் சோதித்துப் பலனில்லை. 5 சதவீத வினிகருக்கு 2.4 காட்டும், 1 சதவீதத்துக்கு 2.8 காட்டும். காகிதத்தின் நிறத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம், “பாருங்கள், எவ்வளவு ஸ்ட்ராங்” என்று உங்களை ஏமாற்ற அதுவே போதும். ஊறுகாய் போட்டு ஒரு நாள் கழித்து, ஒரு துண்டை எடுத்து நசுக்கி, ஊறல் நீரோடு சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். 4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சிவப்பு முள்ளங்கியின் நீர் காகிதத்தையே சாயமேற்றிவிடும், அதில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

மறுபடி போடும்போது: கெட்டியாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் முள்ளங்கி 300 கிராம் எடுங்கள். உள்ளே பஞ்சு போலாகிவிட்டது என்றால் எந்த வினிகரும் அதை மொறுமொறுப்பாக்காது. மண் ஒட்டியிருக்கும் காம்புப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். 5 சதவீத வினிகர் 240 மில்லிலிட்டர், தண்ணீர் அதே அளவு, உப்பு ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி. முன்பே உப்புப் பிசறியிருந்தால் இங்கே உப்பைப் பாதியாக்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அலுமினியம், செம்பு, பித்தளை கூடவே கூடாது, அமிலம் அரிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து ஊற்றினால் துண்டுகள் வெந்து தொளதொளக்காது. ஜாடியை முன்னதாக வெந்நீரில் கழுவிச் சூடாக்கி வைத்தால் விரிசல் விடாது. துண்டுகள் எல்லாம் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், மேலே தலை நீட்டும் துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். சூடு ஆறியதும், எப்படியும் 2 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், உள்ளே வையுங்கள்.

பாதுகாப்புக்கென்று மேலே எண்ணெய் ஊற்றி மூட வேண்டாம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அமிலத்தைக் கூட்டாது. பூண்டு போட்டு அது நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். இந்த மாதிரி வினிகர் ஊறுகாயை “உயிருள்ள நுண்ணுயிர் நிறைந்தது, குடலுக்கு நல்லது” என்று கூடுதல் விலைக்கு யாராவது விற்றால் வாங்காதீர்கள். இது புளிக்கவைத்தது கிடையாது. நுண்ணுயிர் வளரக் கூடாது என்றுதான் இதில் வினிகரே ஊற்றுகிறோம்.

மறுநாளே சாப்பிடலாம். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு மொறுமொறுப்பும் போய்விடும். போட்ட தேதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள். ஈரமில்லாத சுத்தமான கரண்டியால் மட்டும் எடுங்கள். முள்ளங்கி தீர்ந்ததும் மிஞ்சும் நீரை சாலட்டில் ஓரிரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாம். அதன் அமிலத்தைப் பழைய முள்ளங்கி ஏற்கெனவே நீர்த்துவிட்டதால், அதிலேயே புது முள்ளங்கியை நறுக்கிப் போடாதீர்கள்.