வரையாடு, இருவாச்சி: இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலின்படி வரையாடுதான். நீலகிரி வரையாடு அதில் 'அருகிய இனம்'. பெரிய இருவாச்சிப் பறவை ஆபத்தில் அதற்கு ஒரு படி குறைந்த 'அழிவாய்ப்பு இனம்'. அதுவும் 2018-இல்தான் இந்த நிலைக்கு வந்தது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே முதல் அட்டவணையில் உள்ளன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை மட்டும் எடுத்துக்கொண்டால், எனக்கு இருவாச்சியை நினைத்துத்தான் கவலை அதிகம்.

வரையாடு இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 இருந்தன. இங்கே போனால் அதோடு போயிற்று. பட்டியல் அதைக் கடுமையாக மதிப்பிடுவது நியாயம்தான். ஆனாலும் புல்வெளியும் பாறைச்சரிவும் இருந்து, வேட்டையும் நின்றால் அது பிழைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் தேயிலைக் கம்பெனிக்காரர்களின் வேட்டைக்காடாக இருந்த, கேரளத்தில் மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று வரையாடுகள் மிக அதிகமாக வாழும் இடம் அதுதான். சோலைப் புல்வெளிகளில் நட்டுவைத்த சீகை (வாட்டில்), தைலமரம் ஆகிய அயல்மரங்கள் பெரிய தொல்லை. அவற்றை அகற்றிப் புல்லை மீட்பது கடினமான வேலை, ஆனாலும் நம் காலத்திலேயே செய்து பார்க்கக்கூடியது.

இருவாச்சியின் கதை வேறு. வடகிழக்கு இந்தியா முதல் சுமத்திரா வரை பரவியிருப்பதால் பட்டியலில் அதன் நிலை சற்று மேலாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு மரங்கொத்தியைப் போலப் பொந்து குடையத் தெரியாது. ஓங்கி வளர்ந்த முதுமரத்தில் இயற்கையாக விழுந்த பொந்து வேண்டும். பெட்டை உள்ளே புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையுமளவு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே சிறகிறகுகளையும் உதிர்த்துவிடுவதால் மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவரும் அத்திப்பழம்தான் உயிர். அந்த ஆணை ஒருவன் சுட்டுவிட்டால் உள்ளே இருப்பவையும் பட்டினியில் சாகக்கூடும். இத்தனைக்கும் பிறகு வெளியே வருவது பெரும்பாலும் ஒரே குஞ்சு.

அதே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பறவை இது. அந்த மரத்தை வெட்டிவிட்டு இன்று ஒரு கன்றை நட்டால், நட்டவர் ஆயுளுக்குள் அதில் பொந்து விழாது. காப்புக்காட்டுக்கு வெளியே, எஸ்டேட் ஓரங்களில் நிற்கும் முதுமரங்களை இன்னும் பலர் வெறும் விறகாகத்தான் பார்க்கிறார்கள். கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடி மக்கள் ஒவ்வொரு கூட்டு மரத்தையும் அடையாளம் வைத்துக் காவல் காக்கிறார்கள். அந்த வேலைக்கு மற்ற மலைகளிலும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.