நிறுவியாச்சு, இம்போர்ட் ஆகவில்லை

கேள்வி: உபுண்டுவில் குனு ரேடியோவை (ரேடியோ சிக்னல்களைக் கையாளும் மென்பொருள்) மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பைத்தானில் இம்போர்ட் செய்தால் 'அப்படியொரு மாட்யூல் இல்லை' என்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: இன்னொரு முறை நிறுவாதீர்கள். ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன. பைத்தான் தேடுகிற இடம்தான் வேறு. கம்பைல் செய்து நிறுவுபவை வழக்கமாக யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் போகும். அங்கே பைத்தான் பகுதி பல நேரம் 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரில் விழுந்துவிடும். உபுண்டுவோடு வரும் பைத்தானோ 'டிஸ்ட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரைத்தான் பார்க்கும்.

பைத்தானில் சிஸ்.பாத் பட்டியலை (மாட்யூல்களைத் தேடும் இடங்கள்) அச்சிட்டுப் பாருங்கள். பிறகு ஃபைண்ட் கட்டளையால் யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் குனுரேடியோ ஃபோல்டரைத் தேடுங்கள். அது இருக்கும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் சிஸ்.பாத் பட்டியலில் இல்லையென்றால், அந்த சைட்-பேக்கேஜஸ் பாதையை பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் சேருங்கள். குனுரேடியோ ஃபோல்டரையே கொடுத்துவிடக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். பாதையில் 3.10 என்றிருந்து உங்கள் பைத்தான் 3.12 ஆக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. 3.12-க்கே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

இதன்பின் பிழைச்செய்தி மாறி, ஏதோ ஒரு 'டாட் எஸ்ஓ' லைப்ரரி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வரலாம். நல்ல அறிகுறிதான்: மாட்யூல் கிடைத்துவிட்டது. இப்போது தடுமாறுவது பைத்தான் அல்ல, புரோகிராம் ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் லினக்ஸின் டைனமிக் லோடர். அது பைத்தான்பாத்தைச் சட்டையே செய்யாது. சுடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டுங்கள். லோடரின் கேச் புதுப்பிக்கப்படும். அப்போதும் தகராறு என்றால், இடிசி-க்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில், டாட் கான்ஃப் என முடியும் ஒரு ஃபைல் உருவாக்கி, லைப்ரரி இருக்கும் பாதையை ஒரே வரியில் எழுதி, எல்டிகான்ஃபிக்கை மீண்டும் ஓட்டுங்கள். எந்த லைப்ரரி இன்னும் சிக்கவில்லை என்பதை எல்டிடி கட்டளை காட்டிக்கொடுக்கும்.

'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று வந்தால், பெரும்பாலும் உபுண்டுவின் ஆப்ட் நிறுவி வழியாக வந்த பழைய பதிப்பும் நீங்கள் கம்பைல் செய்ததும் கலந்துகிடக்கின்றன. ஒன்றை நீக்குங்கள்.

கேள்வி: டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட், சுடோ போட்டால் மட்டும் மாட்யூல் இல்லை என்கிறதே?

பதில்: சுடோ பொதுவாக உங்கள் சூழல் மாறிகளைக் கழற்றிவிடும், பைத்தான்பாத்தும் போய்விடும். டிஸ்ட்-பேக்கேஜஸுக்குள் டாட் பிடிஹெச் ஃபைல் ஒன்றை வைத்து, அதில் சைட்-பேக்கேஜஸ் பாதையை எழுதினால் தீரும். ஆனால் யூஎஸ்பி ரேடியோவைத் தொடத்தான் சுடோ போடுகிறீர்கள் என்றால், அந்தக் கருவிக்கான யூடெவ் விதியை (சாதாரண பயனரும் கருவியைத் தொட அனுமதி தரும் ஃபைல்) நிறுவுங்கள். சுடோவே தேவைப்படாது.