காய்ந்த லிட்மஸ் தாள் ஏன் நிறம் மாறுவதில்லை?

கேள்வி: உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் காய்ந்த நீல லிட்மஸ் தாளை (அமிலம் பட்டால் சிவக்கும் தாள்) காட்டினால் நிறம் மாறாது, நனைத்துக் காட்டினால் சிவப்பாகும் என்று படித்தேன். அமிலம் எப்போதும் அமிலம்தானே? நடுவில் தண்ணீர் எதற்கு?

காசிமேட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரீட்சையில் இதற்கு ஒன்றோ இரண்டோ மதிப்பெண்தான். ஆனால் இது புரிந்துவிட்டால் அமில கார வேதியியலில் பாதி புரிந்த மாதிரி.

ஒரு ஈனோ பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பெட்டிக்கடையில் மாதக்கணக்கில் தொங்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று ஒன்றும் செய்வதில்லை. தண்ணீரில் கொட்டிய உடனே நுரைத்துப் பொங்குகிறது. பொடியிலும் அமிலம் இருந்தது, ஆனால் அது அமிலமாக வேலை செய்யத் தண்ணீர் வர வேண்டியிருந்தது.

ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக இருக்கும்போது ஹைட்ரஜனும் குளோரினும் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே மூலக்கூறாக இருக்கின்றன. அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள துகள், எதுவும் இல்லை. தண்ணீரைச் சந்தித்ததும், தண்ணீர் மூலக்கூறு அந்த ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் குளோரினிடமே தங்கிவிடுகின்றன. எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் வெறும் புரோட்டான். அது தண்ணீரில் தனியாக நிற்காது, ஒரு தண்ணீர் மூலக்கூறின் மேல் ஏறி உட்கார்ந்து ஹைட்ரோனியம் அயனியாகிறது. லிட்மஸைச் சிவப்பாக்குவது இந்த அயனிதான். 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்ற இருவர் தனித்தனியாகச் சொன்னது இதைத்தான்: அமிலம் புரோட்டானைக் கொடுக்கும், காரம் அதை வாங்கும். கொடுக்கிறவருக்கு எதிரே வாங்குகிறவர் இருந்தால்தானே கொடுக்க முடியும்? காய்ந்த தாளில் அந்த ஆள் இல்லை.

தண்ணீர் தனக்குள்ளேயும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்கிறது. 25 டிகிரி செல்சியஸில், சுத்தமான தண்ணீரில், சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று பிரிந்து ஒரு ஹைட்ரோனியத்தையும், புரோட்டானைக் கொடுத்தபின் மிஞ்சும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியையும் தருகிறது. அந்தச் சிறு அளவைத்தான் பி.எச். 7 என்று எழுதுகிறோம். 1909இல் சோரன்சென் என்ற டென்மார்க் வேதியியலர் கொண்டுவந்த அளவு இது. ஒரு எண் இறங்கினால் ஹைட்ரோனியம் பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாறு 2க்குச் சற்று மேலே இருக்கும். அப்படியென்றால் சுத்தமான தண்ணீரைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு. ஹைட்ரோனியம் கூடக் கூட ஹைட்ராக்சைடு குறையும், தராசுத் தட்டு மாதிரி.

அப்புறம் காரம். இந்தச் சொல்லில்தான் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் தடுக்கி விழுகிறார்கள். மிளகாய்க் காரத்துக்கும் இந்தக் காரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு, துணி சோப்பு, அம்மோனியா ஆகியவைதான் இங்கே சொல்லும் காரங்கள். சட்டையில் பட்ட குழம்புக் கறை மேல் பார் சோப்பைத் தேய்த்தால் சிவக்கிறதே, அது மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுப்பது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அப்படியே.

மீன் கழுவும்போது எங்கள் அம்மா புளித்தண்ணீர் ஊற்றுவார். கடல்மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதில் ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மீன் கவிச்சியில் பெரும்பங்கு அதுதான். அது ஒரு காரம், லேசாக ஆவியாகி மூக்குக்கு வந்துவிடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதற்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டால் அது அயனியாகித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அயனி காற்றில் ஏறி வராது, அதனால் வாடை அடங்குகிறது. பார் சோப்பு போட்டால் கையில் வாடை லேசில் போகாததற்கும் இதுவே ஒரு காரணம், சோப்பும் காரம்தானே.

‘வலிமை குறைந்தது’ என்ற சொல்லையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் கிட்டத்தட்ட முழுவதும் பிரிந்துவிடும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம், லிட்டருக்கு 0.1 மோல் (சுமார் 6 கிராம்) என்ற அளவில், நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் பிரியும். அம்மோனியாவும் காரங்களில் அதே மாதிரி. ஆனால் பிரிந்ததை ஏதாவது ஒன்று தின்றுவிட்டால், மிச்சம் இருப்பதிலிருந்து இன்னும் பிரிந்து வந்துகொண்டே இருக்கும். ஆகவே வலிமை குறைந்தது என்றால் ஆபத்தில்லாதது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 டிசம்பர் 26ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், கடலுக்குள் போகும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு வந்த வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், வாயு உடம்பு முழுக்கத்தானே படுது, கண்ணும் தொண்டையும் மட்டும் ஏன் அப்படி எரியுது?” அவளுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். அந்த இடங்கள்தான் நனைந்த லிட்மஸ் தாள். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயு கரையும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் கரைகிறது, தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கி, எரிச்சலூட்டும் ஹைட்ராக்சைடை விட்டுச் செல்கிறது. நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடச் சொல்வதும் அதனால்தான். வாயுவில் கொஞ்சமாவது துணியின் ஈரத்தில் கரைந்து நிற்கும்.

அவள் அடுத்துக் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்: காரம்தானே, கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடாதா? விடவே கூடாது. அமிலமும் கண்ணைப் புண்ணாக்கும், இரண்டும் சேரும்போது சூடும் வரும். வெறும் தண்ணீரைக் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.