பிக்ஃபுட் தேடப் போகும்போது எந்தத் துப்பாக்கி?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் ஐடி வேலையில் இருக்கிறேன், எச்1பி விசா. அலுவலக நண்பர்கள் சிலர் பிக்ஃபுட் (அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகச் சிலர் நம்பும், பெரிய குரங்கு மனிதன் போன்ற உயிர்) தேடும் குழுவில் இருக்கிறார்கள். அக்டோபரில் கிஃபர்ட் பின்ஷோ தேசியக் காட்டில் இரண்டு இரவு தங்கித் தேடப் போகிறோம். குழுவில் பாதிப் பேரிடம் துப்பாக்கி உண்டு. பாதுகாப்புக்கு என்னையும் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். .44 மேக்னம் ரிவால்வர், 10 மி.மீ. பிஸ்டல், 12 கேஜ் ஷாட்கன், இந்த மூன்றில் எது நல்லது?

பதில்: உங்களுக்கு மூன்றுமே வேண்டாம். கரடியும் பிக்ஃபுட்டும் அப்புறம். முதல் சிக்கல் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா.

அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அதில் எல்லோருக்கும் தெரிந்தது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். "ஹன்டிங் லைசென்ஸ் எடுத்தால் போதும்" என்று உங்கள் நண்பர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அது மட்டும் போதாது. இங்கே மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. கிரீன் கார்டு இல்லாமல் இங்கே வசிக்கும் வெளிநாட்டவர், தன் கவுன்டி (மாவட்டம் போன்றது) ஷெரிஃபிடம், அதாவது அங்குள்ள காவல் தலைவரிடம், வெளிநாட்டவருக்கென்றே உள்ள துப்பாக்கி உரிமத்தையும் வாங்க வேண்டும். அது இல்லாமல் வைத்திருந்தால் ஃபெலனி, அதாவது பெரிய குற்றம்.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடையைத் தாண்டும்போது நண்பர் தன் ரைஃபிளை நீட்டி "இதைக் கொஞ்சம் பிடி" என்பார். நீங்கள் வாங்கிய அந்த நிமிடமே அது உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி. சுடும் பயிற்சி மையத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே சட்டம்தான். துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்கில் தண்டனை வந்தால் நாட்டைவிட்டு அனுப்பவே அது காரணமாகலாம், கிரீன் கார்டு விண்ணப்பமும் அதோடு போய்விடும். உண்மையாகவே ஆர்வம் இருந்தால் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். துப்பாக்கிக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

சரி, இதைக் கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்களும் படிப்பார்கள். உங்கள் குழுவில் பாதிப் பேர் எப்படியும் துப்பாக்கியோடுதான் வரப்போகிறார்கள். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எதற்கு எதிரான பாதுகாப்பு? பிக்ஃபுட்டுக்கு எதிராக என்றால், நீங்கள் போகும் காட்டின் பெரும்பகுதி ஸ்கமேனியா கவுன்டியில் இருக்கிறது. அங்கே பிக்ஃபுட்டைக் கொல்வது சட்டப்படி குற்றம். 1969 ஏப்ரல் 1-ஆம் தேதி கவுன்டி நிர்வாகிகள் போட்ட சட்டம் அது. தேதியைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அதில் சொல்லியிருக்கும் காரணம் விளையாட்டல்ல: பிக்ஃபுட் செய்தியைக் கேட்டுத் துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குள் புகுந்த கூட்டம். அப்போது தண்டனை 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. 1984-இல் தண்டனையைக் குறைத்தார்கள், கூடவே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுடப்பட்டது மனித இனத்தைச் சேர்ந்தது என்று கவுன்டியின் பிணப் பரிசோதனை அதிகாரி சொன்னால், கொலைச் சட்டத்தின் கீழேயே வழக்கு நடக்கும். யார் எழுதினார்களோ, பிரச்சினையின் மையத்தில் விரல் வைத்துவிட்டார்கள்.

பிக்ஃபுட் எப்படி இருக்கும் என்று ஆர்வலர்களைக் கேளுங்கள். இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும், கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், மரங்களுக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இரவு பதினொரு மணிக்குக் காட்டில் தடித்த ஜாக்கெட்டும் தலைமூடியும் போட்டு நடக்கும் மனிதரும் இப்படித்தான் இருப்பார். உங்கள் குழு மட்டையால் மரத்தைத் தட்டிப் பதில் வருகிறதா என்று காது கொடுக்கும், நீளமாக ஊளையிட்டுப் பார்க்கும். அடுத்த மேட்டிலிருந்து பதில் வந்தால், அங்கேயும் ஒரு குழு மட்டையோடு நிற்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எல்லாக் குழுக்களிலும் தெர்மல் கேமரா இருக்கிறது. அது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்று நினைப்பவர்கள் அதில் ஒரு ஆளைத் தூரத்திலிருந்து பார்த்ததில்லை. தெர்மல் காட்டுவது வெப்பத்தை மட்டும்தான். சட்டையின் நிறம் தெரியாது, அதில் உள்ள எழுத்து தெரியாது. நல்ல குளிர்கால ஜாக்கெட் உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்துக்கொள்வதால் முண்டப்பகுதி மங்கலாக, பின்னால் உள்ள புதரோடு ஒட்டித் தெரியும். முகமும் கையும் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். அவர் திரும்பி நின்றால் அந்த முகமும் இல்லை. நூறு மீட்டருக்கு அப்பால் மிஞ்சுவது, இரண்டு காலில் நிற்கும், அடையாளம் தெரியாத ஒரு உருவம். இந்தத் தெர்மலைத் துப்பாக்கிமேல் ஸ்கோப்பாக மாட்டியிருந்தால் இன்னும் மோசம். 'அது என்ன' என்று பார்ப்பதற்கே குழலை அதன்மேல் நீட்ட வேண்டும். உங்கள் குழுவில் யாராவது அப்படி வைத்திருந்தால் அந்த இரவு அவரோடு போகாதீர்கள். தெர்மல் வேண்டுமென்றால் கையில் பிடிக்கும் தனிக் கருவியாக இருக்கட்டும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2018 டிசம்பரில், மொன்டானாவின் ஹெலேனாவுக்கு அருகே தன்னைப் பிக்ஃபுட் என்று நினைத்து ஒருவர் சுட்டதாக ஒரு ஆள் புகார் கொடுத்தார். அடிபடவில்லை. அந்தப் புகாரை எவ்வளவு நம்புவது என்று ஷெரிஃபுக்கே முதலில் சந்தேகம் இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் இலை, நார் தொங்கும் மறைப்பு உடையை மாட்டிக்கொண்டு பிக்ஃபுட்டாக வேடம் போடுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 2012-இல் அதே மொன்டானாவில், காலிஸ்பெல் அருகே, அப்படி நெடுஞ்சாலையில் நின்ற ஒருவர் கார்கள் மோதி இறந்தார்.

பிக்ஃபுட் தேடுபவர்களுக்குள்ளேயே ஒரு பழைய சண்டை உண்டு: உடல் கிடைத்தால்தான் அறிவியல் நம்பும், எனவே ஒன்றைச் சுட்டே ஆக வேண்டும் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று இன்னொரு கட்சி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்த குரோவர் கிரான்ட்ஸ் முதல் கட்சி. 1967 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில், பிக்ஃபுட் என்று சொல்லப்படும் உருவம் நடந்துபோகும் புகழ்பெற்ற படத்தை எடுத்த ராஜர் பேட்டர்சனும் கூடப் போன பாப் கிம்லினும் சுடுவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கிம்லினிடம் ரைஃபிள் இருந்தது, சுடவில்லை. அந்த உருவம் வேடம் போட்ட மனிதர் என்று நினைப்பவர்கள் அன்று முதல் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால், கிம்லின் அன்று சுடாததால் ஒரு உயிர் தப்பியது. புறப்படும் முன் உங்கள் குழு எந்தக் கட்சி என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முதல் கட்சி என்றால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது உண்மையான விலங்குகள். தெற்கு காஸ்கேட் மலைகளில் கிரிஸ்லி கரடி இல்லை. கருங்கரடி உண்டு, மாநிலம் முழுக்க இருபதாயிரத்துக்கு மேல் என்கிறது வனவிலங்குத் துறை. வாஷிங்டனில் கருங்கரடி மனிதரைக் கொன்றதாகப் பதிவானது ஒரே முறை, 1974-இல். கூகர் என்கிற மலைச்சிங்கத்தால் இறந்தவர்கள் இருவர், 1924-இல் ஒருவர், 2018-இல் நார்த் பென்ட் அருகே சைக்கிள் ஓட்டிய ஒருவர். கருங்கரடி மோப்பம் பிடிக்கப் பின்னங்காலில் எழுந்து நிற்கும் பழக்கமுள்ளது. கருங்கரடி அதிகமுள்ள இடங்களில் பிக்ஃபுட் 'காட்சிகளும்' அதிகம் என்று 2024-இல் வந்த ஒரு ஆய்வும் சொன்னது. நீங்கள் தேடிப் போவதை, கரடி உருவத்தில், பார்த்துவிட்டு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இவற்றுக்கு பியர் ஸ்ப்ரே, அதாவது கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே, போதும், அதற்கு விசாத் தடையும் இல்லை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்பட்ட 83 சம்பவங்களை ஆராய்ந்ததில், பழுப்புக் கரடியை 92 சதவீதமும் கருங்கரடியை 90 சதவீதமும் அது நிறுத்தியிருந்தது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அதே ஆய்வாளர்கள் 2012-இல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம் பலித்தது. ஆனால் துப்பாக்கி இருந்து சுட்டவருக்கும், இருந்தும் சுடாதவருக்கும் காயப்படுவதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்து நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை. ஸ்ப்ரே சம்பவங்களில் பல, சும்மா எட்டிப் பார்க்க வந்த கரடிகள். ஆனாலும் ஒன்று தெளிவு. பாயும் கரடி ஒரு நொடியில் பதின்மூன்று, பதினான்கு மீட்டர் கடக்கும். அந்த நேரத்துக்குள் ஓடிவரும் தலையைக் குறிபார்ப்பதைவிட, முன்னால் ஒரு மிளகாய் மேகத்தைப் போடுவது பெரும்பாலோருக்குச் சுலபம். ஆள் தெரியாமல் இன்னொரு மனிதர்மேல் அடித்துவிட்டாலும் அவர் கண்ணைக் கழுவிக்கொண்டு உங்களைத் திட்டுவார், அவ்வளவுதான்.

கேனைப் பைக்குள் போடாதீர்கள். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்கட்டும். கட்டைவிரலால் பாதுகாப்பு கிளிப்பை எடுத்து, விலங்கு சுமார் ஒன்பது மீட்டருக்குள் வரும்போது அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே, முன்னால், ஓரிரு நொடி அடிக்க வேண்டும். காரம் இல்லாத பயிற்சிக் கேன் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பூங்காவில் அடித்துப் பாருங்கள். கொசு மருந்துபோல் கூடாரத்தின்மேல் தெளிக்கக் கூடாது, காய்ந்த எச்சம் கரடியை வரவழைக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடக் கூடாது. கரடியோ கூகரோ, பார்த்ததும் ஓடாதீர்கள். கையை உயர்த்திப் பெரிதாகத் தெரியும்படி நின்று உரக்கப் பேசுங்கள். மேலே விழுந்தால் திருப்பி அடியுங்கள்.

துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமையுள்ள நண்பர்களுக்கு: இந்தக் காட்டுக்கு .44 மேக்னம் அதிகம். அதன் உதைப்பில் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று தெரியாதவரிடம் முதல் குண்டு மட்டும்தான் இருக்கிறது. கருங்கரடிக்கும் கூகருக்கும் .357 மேக்னமோ 10 மி.மீ.யோ தாராளம். ஆழமாகத் துளைக்கும் கெட்டியான வார்ப்புக் குண்டு போடட்டும். 12 கேஜில் ஸ்லக், அதாவது பெரிய ஒற்றைக் குண்டு, போட்டால் வலு அதிகம். ஆனால் ஷாட்கன் மூன்று கிலோவுக்கு மேல், தேவைப்படும் நேரத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். தோட்டா போட்ட ரைஃபிள், ஷாட்கன் வண்டிக்குள் இருக்கக் கூடாது. தோட்டா போட்ட கைத்துப்பாக்கியைக் காரில் கொண்டுபோக மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் வேண்டும். முகாமிலிருந்தோ மக்கள் இருக்கும் இடத்திலிருந்தோ 150 கஜத்துக்குள் தேசியக் காட்டில் சுடக் கூடாது. 2024 முதல் வாஷிங்டனில் புதிதாக வாங்குபவருக்குப் பயிற்சிச் சான்றிதழும் பத்து வேலைநாள் காத்திருப்பும் உண்டு. இன்று ஆசைப்பட்டு இந்த வாரக் கடைசியில் தோளில் மாட்டிக்கொள்ள முடியாது, நல்லதுதான்.

அக்டோபர் என்கிறீர்கள். மான் வேட்டைக் காலம். எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு வெஸ்ட் போடுங்கள், மறைப்பு நிற உடை வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு போட்டால் பிக்ஃபுட் வராது என்று குழுவில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். வராவிட்டால் போகட்டும்.

ஐம்பது டாலருக்குள் ஸ்ப்ரே முடிந்துவிடும். துப்பாக்கிக்கு ஒதுக்கிய மீதிப் பணத்தைக் குளிருக்குச் செலவழியுங்கள். 2024 கிறிஸ்துமஸுக்கு இதே காட்டுக்கு சாஸ்குவாட்ச் (பிக்ஃபுட்டின் இன்னொரு பெயர்) தேடிப் போன போர்ட்லண்ட்காரர் இருவர் திரும்பவில்லை. மூன்று நாள் தேடலுக்குப் பிறகு உடல்கள்தான் கிடைத்தன. குளிரும் போதிய தயாரிப்பு இல்லாததும்தான் காரணமாகத் தெரிகிறது என்றது ஷெரிஃப் அலுவலகம். அக்டோபரிலும் அங்கே மழை நாள்கணக்கில் நிற்காது, இரவில் உறைநிலைக்கு இறங்கும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயவே காயாது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மழைக்கோட்டு, கூடுதல் பேட்டரியோடு தலைவிளக்கு, ஒரு நாளுக்கு அதிகமான சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் இருக்காது, குழுவுக்கு ஒரு சாட்டிலைட் மெசஞ்சராவது வேண்டும். வீட்டில் ஒருவரிடம் வண்டி எண், எந்தக் காட்டுச் சாலையில் நிறுத்துவீர்கள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் 911-ஐ அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திட்டம் மாறி வேறு சாலையில் வண்டியை நிறுத்தினால், சிக்னல் போகும் முன்பே அதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.