வாசல் நேம் போர்டுக்கு எந்தத் தகடு?

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு. போன முறை வாசலில் மாட்டிய எவர்சில்வர் நேம் போர்டு எட்டே மாதத்தில் பழுப்புப் புள்ளி புள்ளியாக ஆகிவிட்டது. இப்போது ஒரு கடைக்காரர் பித்தளைதான் நல்லது என்கிறார், இன்னொருவர் எவர்சில்வரையே மறுபடி போடுங்கள் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: எவர்சில்வர் என்ற ஒரே பேரில் மூன்று நான்கு சரக்கு விற்கிறார்கள், சிக்கலே அங்கேதான். 202 என்ற கிரேடில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, உப்புக்காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். உங்களுடைய பழைய பலகை அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு இது தாராளம். 316-ல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பு துளைபோடுவதைத் தடுப்பது அதுதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு நான் 316-தான் சொல்வேன்.

கடையில் காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டலை, நல்ல சரக்கு" என்று காட்டினால் அதை நம்பி வாங்காதீர்கள். 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது. அதனால் எந்த கிரேடு, எத்தனை மில்லிமீட்டர் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு சரக்கைத் தந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம், அப்போது கையில் அந்த பில் இருக்க வேண்டும்.

எழுத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஃபைபர் லேசரில் கறுப்பாக எழுதித் தருவது உள்ளே மாட்ட அழகு, ஆனால் அந்தச் சூட்டில் எவர்சில்வருக்குக் காவலாக இருக்கிற மேல்படலம் கெட்டுப்போய், வெளியே மாட்டினால் துரு எழுத்திலிருந்தே ஆரம்பிக்கும். ஆசிட் எட்சிங்கோ (அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்குவது) மெஷினில் செதுக்குவதோ, நகத்தால் தடவினால் பள்ளம் தெரிகிற ஆழத்துக்குச் செய்து, பெயிண்ட் நிரப்பச் சொல்லுங்கள். கோடு கோடாக இருக்கும் மேட் தகடாக இருந்தால் கோடு மேலிருந்து கீழாக வரும்படி வெட்ட வேண்டும், படுக்கைக் கோட்டில் உப்பு தங்கிவிடும். அப்புறம், மழை படாத போர்டிகோவுக்குள் மாட்டினால் கறை இன்னும் அதிகமாகத்தான் வரும், ஏனென்றால் உப்பைக் கழுவிவிட எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

பித்தளை கெட்டுப்போகாது, கறுக்கும். அந்தக் கறுப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள். பளபளப்பு வேண்டும் என்று வாராவாரம் புளி போட்டுத் தேய்த்தால் பெயிண்டும் போகும், எழுத்தின் ஓரமும் மழுங்கும். மேலே லேக்கர், அதாவது நிறமில்லாத வார்னிஷ் மாதிரிப் பூச்சு, அடித்துத் தருகிறேன் என்பார்கள். வெயில் மழையில் அது வெடித்து, உள்ளே ஈரம் இறங்கி, வலை மாதிரி கறை படரும். வீட்டுக்குள் என்றால் அதே லேக்கர் வருடக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: கோவையில் கிளினிக், உள்கதவுகளுக்கு ஆறு பலகை வேண்டும். பித்தளை என்று சொல்லி ஒரு மாதிரி காட்டினார்கள். பித்தளைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எடையைப் பாருங்கள். 30க்கு 15 சென்டிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் தகடு பித்தளையில் 570 கிராமுக்குப் பக்கத்தில் வரும், அலுமினியத்தில் 180தான். தங்க நிறம் ஏற்றிய எவர்சில்வர் கிட்டத்தட்ட பித்தளை எடையே இருக்கும், அதற்கு பின்பக்க ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை.

ஆனால் உள்கதவுக்குப் பித்தளை எதற்கு? கறுப்பு அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேல்படலம் வளர்த்துச் சாயம் ஏற்றிய) 1 மில்லிமீட்டர் அலுமினியத்தில் லேசர் போட்டால் எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும், இரட்டைப் பக்க டேப்பே தாங்கும். வெளி வெயிலில் மட்டும் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். தகடு வாங்கி நானே வெட்டி, எழுத்தை மட்டும் கடையில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பித்தளை, அலுமினியம் என்றால் செய்யலாம். எவர்சில்வர் என்றால் மட்டும், தகடு வாங்கும் இடத்திலேயே ஷியரிங் மெஷினில் அளவுக்கு வெட்டி வாங்கிவிடுங்கள். பித்தளையில் ஈயம் கொஞ்சம் கலந்த, செதுக்குவதற்கென்றே வரும் தகடு கிடைத்தால் அதையே கேளுங்கள், பிசின் மாதிரி ஒட்டாமல் தூள் தூளாக உதிரும், எழுத்தும் பிசிறில்லாமல் வரும்.

மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே வேலையைச் செய்யுங்கள். இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடால் மரத்தோடு சேர்த்து அறுத்தால் தகடு நெளியாது, பல்லும் மாட்டாது. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்துவிட்டு அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள். அலுமினியம் அரத்தில் அப்பிக்கொள்ளும், சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் குறையும். இரும்பு அராவிய அரத்தை எவர்சில்வரில் வைக்கக் கூடாது, ஒட்டிய இரும்புத் தூளே பிறகு துருப்பிடிக்கும்.

துளை போடும்போது தகட்டைக் கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். டிரில் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் பித்தளையைக் கவ்விச் சுழற்றும், விரல் போய்விடும். கிளாம்ப் போடுங்கள். பித்தளைக்குப் பித்தளை ஸ்க்ரூ. வெளியே மாட்டும் அலுமினியத்துக்குப் பித்தளை ஸ்க்ரூ போட்டால் துளையைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். ஒட்டுவதானால் வினிகர் வாசம் வரும் சிலிகான் பித்தளைக்கு ஆகாது, நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக எழுத்து. தமிழில் பேரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கடையில் டிசைன் போட வைத்திருக்கும் பழைய கோரல்டிரா சாஃப்ட்வேரில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி காணாமல் போகும். ஒரு வீட்டின் கல்யாணப் பரிசுப் பலகையில் "செ" கொம்பு மாறி, பேரே வேறாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், செதுக்கிய பிறகு அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரிண்ட் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் எழுத்துக்கூட்டிப் படித்த பிறகு சரி என்று சொல்லுங்கள். ண, ஞ, ஷ மாதிரி சுழி உள்ள எழுத்துகள் சின்னதாகப் போட்டால் உள்ளே அடைத்துக்கொள்ளும், அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவைவிடத் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கச் சொல்லுங்கள்.