மழைக்கு மட்டும் அறுந்துபோகும் 4ஜி: நிலாவெளி வீட்டுக்கு

கூரை அன்டனா வைச்ச வீட்டு 4ஜி இன்டர்நெட் மழைக்கு அறுந்தால், ரவுட்டரை மாற்றிக் காசை வீணாக்காதீங்கோ. மழைக்கு அறுந்து, வெயில் காய்ந்ததும் தானாச் சரியாகுது என்றால், பெரும்பாலும் அன்டனா வயரின் மூட்டுக்குள்ள (கனெக்டருக்குள்ள) தண்ணி இறங்குது. 4ஜி அலையை மழை மட்டும் இவ்வளவு குறைக்காது. நிலாவெளிக் கடற்கரை உப்புக்காத்துக்குக் கனெக்டர் கெதியாக் களிம்பு பிடிக்கும்.

பிரவுசரில திறக்கிற ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தில ஆர்எஸ்ஆர்பி (RSRP, சிக்னல் பலம்) எண்ணை மழையிலயும் வெயிலிலயும் குறிச்சுப் பாருங்கோ. -90 இருந்தது -105க்கு இறங்கினால் பெரும்பாலும் வயர்தான். களிம்பு பிடிச்ச நுனியை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தன்னோட தானே ஒட்டுற ரப்பர் டேப் சுத்துங்கோ. சாதாரணக் கறுப்பு டேப் வாடைக் காத்துக்கு ஒரு மாரி தாங்காது. மின்னல் நேரம் கூரையில ஏறவேண்டாம்.

எண் மாறாமல், பின்னேரத்தில மட்டும் இழுபடுது என்றால் அது பெரும்பாலும் கோபுர நெரிசல் (ஒரே கோபுரத்தை கனபேர் பாவிக்கிறது). அதுக்கு இந்த வேலை உதவாது.