பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து 16 வருடமாகக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்கும் வாடகை இடம், எங்கே வாங்குவது? கம்பெனி பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. இன்று நன்றாக நடக்கிற கம்பெனி அடுத்த வருடம் கைமாறிவிடுகிறது, விலையும் மாறிவிடுகிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். இணையதளம் வைக்கலாம் என்கிறான் பேரன். ஒரு கம்பெனி மாதம் 69 ரூபாய் என்கிறது, இன்னொன்று 149. தெரிந்த பையன் ஒருவர் எல்லாம் சேர்த்து வருடம் 6,000 கேட்கிறார். 69 ரூபாய்தானே லாபம்?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, நீங்கள் அனுப்பிய இரண்டு விளம்பரத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தேன். 69 ரூபாய் என்பது நான்கு வருடப் பணத்தை மொத்தமாக முன்னால் கட்டினால்தான். ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்கினால் மாதம் 199. அது முடிந்து புதுப்பிக்கும்போது மாதம் 349. இந்த 349 மட்டும் வெளிறிய எழுத்தில், கீழே, பொடியாக இருக்கிறது. 149 ரூபாய்க் கம்பெனி, புதுப்பிக்கும்போதும் அதே 149 என்று எழுதியிருக்கிறது.

நம் பெரியவர்கள் ஐந்தொகை போட்டுத்தான் எதையும் பார்த்தார்கள். அதுபோல மூன்று வருடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஹோஸ்டிங்குக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் சேர்த்திருக்கிறேன். முதல் கம்பெனியில் முதல் வருடம் 2,818 ரூபாய். அடுத்த இரண்டு வருடமும் தலா 4,942. மொத்தம் 12,702. இரண்டாவது கம்பெனியில் வருடம் 2,110 வீதம் 6,330. பாதிக்குப் பாதி. நான்கு வருடம் முன்பணம் கட்டினால் 69 ரூபாய்க்காரர் மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்காவிட்டால் ஆறாம் மாதத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. முன்பின் பழகாத கடைக்கு நான்கு வருடப் பணத்தை முன்கூட்டிக் கொடுப்பீர்களா? ஒரு வருடத்துக்கு மேல் முதல் தடவை கட்டாதீர்கள்.

"அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதற்கு மயங்க வேண்டாம். இடத்துக்கு வரம்பு இல்லை என்பார்கள். இத்தனை லட்சம் கோப்புக்கு மேல் கூடாது என்று விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அந்தக் கணக்கில் ஒரு கோப்பாக ஏறும். பாதுகாப்புப் பூட்டுக்கு, அதாவது எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்கு, தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. நல்ல கம்பெனிகள் அதைத் தாங்களே போட்டுவிடுகின்றன. அது இல்லாமல் இருக்கவும் கூடாது. 2018-லிருந்து குரோம் உலாவி அந்தப் பூட்டு இல்லாத தளங்களைப் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. பணம் கட்டிப் பலகாரம் வாங்க வருகிறவர் அதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்.

இன்னொன்று. வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு இரண்டு கம்பெனிக்கும் பேரனை விட்டு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "நீங்கள் எடுத்த பேக்கப்பை (தளத்தின் காப்புப் பிரதியை) நானே இறக்கிக்கொள்ள முடியுமா?" என்ற இந்த ஒரு கேள்வி போதும். எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, பதில் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

அந்தப் பையன் கேட்கும் 6,000-ஐ நான் அதிகம் என்று சொல்லமாட்டேன். விலைப்பட்டியலை மாற்றுவது, படம் ஏற்றுவது, தீபாவளிக்கு முந்தின வாரம் தளம் நின்றால் ஓடி வருவது எல்லாம் அதில் அடக்கம் என்றால் உங்களுக்கு அவர்தான் சரி. ஒரே ஒரு நிபந்தனை. டொமைன், அதாவது உங்கள் கடைப்பெயர் போட்ட இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதிவாக வேண்டும். ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் இணையதளம் செய்து கொடுத்தார். இப்போது மெதுவாக இருக்கிறது, வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் அவர் போனை எடுப்பதில்லை. டொமைன் அவர் பெயரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகர், காரைக்குடி

அண்ணே, கானாடுகாத்தான் பக்கம் போனால் தெருத்தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி காவல்காரரிடம் இருக்கும். பத்திரம் குடும்பத்திடம் இருக்கும். அதனால்தான் கல்யாணம் என்றால் வந்து திறந்துகொள்ள முடிகிறது. ஹோஸ்டிங் சாவி மாதிரி. ஆளை மாற்றலாம், பூட்டை மாற்றலாம். டொமைன் பத்திரம். உங்கள் விஷயத்தில் பத்திரமே காவல்காரர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

முதலில் "ஹூ இஸ்" (WHOIS) என்று தேடி, வரும் பக்கத்தில் உங்கள் இணைய முகவரியைத் தட்டுங்கள். உரிமையாளர் பெயர் மறைந்திருக்கலாம். ஆனால் எந்தப் பதிவாளரிடம், அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரியும். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். அப்புறம் அவரை நேரில் போய்ப் பாருங்கள். சண்டை வேண்டாம். ஹோஸ்டிங் பற்றியே பேசாதீர்கள். "டொமைனை மட்டும் என் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதே பதிவாளரிடம் நீங்கள் ஒரு கணக்கு திறந்தால், அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடுவது சில நிமிட வேலை. வேறு பதிவாளருக்குக் கொண்டுபோவதானால் மாற்றுக் குறியீடு ஒன்று அவர் எடுத்துத் தரவேண்டும். டாட் காம் முகவரியைப் புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகாமல் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. உங்களுடையது ஐந்து வருடம் ஆனது, அந்தத் தடை இல்லை. அவர் ஆளே கிடைக்காவிட்டால், அவருக்குப் பணம் கொடுத்த ரசீது, கடையின் ஜி.எஸ்.டி. சான்று இரண்டையும் வைத்துப் பதிவாளர் நிறுவனத்துக்கு எழுதுங்கள். காலாவதி ஆகும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாள் கடந்து, பதிவாளர் அதை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக்காலம் அவருக்குத்தான் உண்டு. அதுவும் முடிந்து வெளியே வரும்போது உங்களுக்கு முன்னால் வேறொருவர் எடுத்துக்கொண்டுவிடலாம்.

தளத்தில் இருப்பதை இன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-இல் நான் ஒரு பலகாரக் கடைக்குச் செய்த தளத்தை வெளியூர்க்காரர் ஒருவரிடம் வைத்திருந்தேன். அவர் பெரிய கம்பெனியிடம் சர்வரை, அதாவது தளங்கள் இருக்கும் கணினியை, மொத்தமாக எடுத்து, எங்களைப் போன்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறவர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அவர் அந்தப் பெரிய கம்பெனிக்குப் பணம் கட்டாமல் விட்டு, மொத்தமும் அணைந்துவிட்டது. போனும் அணைந்துவிட்டது. அங்கே எடுத்து வைத்திருந்த பேக்கப்பும் அதே சர்வரில்தான் இருந்தது. என் கணினியில் நான்கு மாதம் பழைய பிரதி ஒன்று இருந்தது. வேறு கம்பெனியில் இடம் வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக அதை ஏற்றித் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. தளத்தின் எழுத்தெல்லாம் சேமித்திருக்கும் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்தபோது தமிழுக்கு இடம் தராத பழைய எழுத்துக் குறியாக்க முறையில் எடுத்திருந்தேன். "மணகோலம்" இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறி. ம, ண, க, ஓகாரக் குறி, ல, ம, மேலே புள்ளி என்று எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு. எழுத்து ஒவ்வொன்றும் அழிந்துவிட்டது, திரும்ப எடுக்க வழி இல்லை. கடைக்கார ஆச்சி பழைய அச்சு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாக வாசிக்க, விடியும்வரை தட்டச்சு செய்தோம். அந்த வருடம் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரவேண்டிய ஆர்டரில் நான்கு நாள் ஆர்டர் போயிற்று. அந்த ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

அதனால் தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் ஹோஸ்டிங்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி: தரவுத்தளம் தமிழுக்கு இடம் தரும் "யுடிஎஃப்8எம்பி4" (utf8mb4) குறியாக்க முறையில் இருக்குமா? பிரதி எடுத்த பிறகு கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

சின்ன ஆள் என்பதால்தான் அப்படி ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் ஊரில் ஓவிஎச் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஒரு கட்டடம் முழுதும் எரிந்து போயிற்று. பேக்கப்பும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். மாதம் ஒரு தடவை பிரதியை இறக்கி, கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள்.

99.9 சதவீதம் நிற்காமல் ஓடும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நம்பலாமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாளில் 43,200 நிமிடம். அதில் 0.1 சதவீதம் 43 நிமிடம். 99 சதவீதம் என்று எழுதியிருந்தால் மாதத்துக்கு 7 மணி 12 நிமிடம் நிற்கலாம். ஒன்பதுக்கு அப்புறம் வரும் ஒன்பதுக்குத்தான் விலை. நின்றால் என்ன தருவார்கள் என்பதையும் படியுங்கள். பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் கழிப்பார்கள், உங்கள் வியாபார நஷ்டத்தை அல்ல.

எங்கள் பழைய வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாக்காரர்கள். தளம் திறக்க நேரமாகிறது என்கிறார்கள். சர்வர் மும்பையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு மாற்றவேண்டுமா?
— கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி

உங்கள் தளத்தைத் திறந்து அளந்து பார்த்தேன் அக்கா. சர்வர் மேல் குற்றம் இல்லை. முதல் பக்கத்தில் 11 படம். முகப்புத் தூண், வளவு, ஆத்தங்குடிக் கல் தரை, நிலைக்கதவுச் செதுக்கல் எல்லாம் அழகாக எடுத்திருக்கிறீர்கள். ஆனால் கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றிவிட்டார்கள். மொத்தம் 62 எம்.பி. விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் உள்ள போனில் இது முழுதாக இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மும்பையிலிருந்து தகவல் பாரீஸ் போய்த் திரும்ப ஆவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். எதைச் சரிசெய்யவேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. படங்களை 1,600 புள்ளி அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்துப் பார்த்தேன். 11 படமும் சேர்ந்து 1.8 எம்.பி. தரையின் பூ வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. அந்தப் படங்களை உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்கு மேலும் வேண்டுமானால் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் இலவசத் திட்டம் போதும். அது உங்கள் படங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவருக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கும். சர்வர் மும்பையிலேயே இருக்கட்டும்.

அறைப் பதிவு மின்னஞ்சல் விருந்தினரின் குப்பைப் பெட்டிக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். அதில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாலும் எல்லாருடைய அஞ்சலும் சந்தேகப் பட்டியலில் ஏறும். மின்னஞ்சலை ஹோஸ்டிங்கோடு வைக்காமல் தனிச் சேவையில் வாங்குங்கள். அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு பதிவுகளை டொமைனில் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஹோஸ்டிங்கை மாற்றினாலும் அஞ்சல் தொடப்படாமல் இருக்கும்.

வெளிநாட்டுக் கம்பெனியில் தானாகப் பணம் எடுக்கும்படி கார்டைக் கொடுத்திருந்தேன். எடுக்காமல் விட்டுத் தளம் நின்றுவிட்டது.
— ஒரு வாசகர், கோட்டையூர்

2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளரின் முன் அனுமதியும் அறிவிப்பும் வேண்டும் என்கிறது. 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வேண்டும். பல வெளிநாட்டுக் கம்பெனிகளில் இந்த ஏற்பாடு சரியாக இணையாததால் பணம் போவதே இல்லை. ரூபாயில் பில் போட்டு, யு.பி.ஐ. ஏற்கிற கம்பெனியாகப் பாருங்கள். டொமைனையாவது இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் அச்சடிக்கிறோம். இலவசமாகவே தளம் வைக்கமுடியாதா?
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

முடியும் தம்பி. கூகுளில் வணிக விவரப் பக்கம் இலவசம். பட்டறை இருக்கும் இடம், நேரம், போன், கல் படங்கள் போட்டால் வீடு கட்டுகிறவர்கள் தேடி வருவார்கள். இப்போதைக்கு அது போதும். ஆனால் பட்டறைப் பெயரில் ஒரு டொமைனை மட்டும் இன்றைக்கே வாங்கிப் போட்டு, இலவசப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

முகவரியையே தமிழில் வைக்கலாமா?
— ஒரு மாணவி, அழகப்பா பல்கலைக்கழகம்

வைக்கலாம் அம்மா. டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பே "இந்தியா" என்று தமிழில் முடியும் முகவரிகளையும் தருகிறது. உலாவியில் திறக்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது சில இடங்களில் தமிழ் மறைந்து, புரியாத ரோமன் எழுத்துச் சரமாக மாறித் தெரியும். தமிழ் முகவரியில் மின்னஞ்சலையும் எல்லாச் சேவைகளும் இன்னும் ஏற்பதில்லை. அதனால் டாட் இன் ஒன்றும் சேர்த்து வாங்கி, இரண்டையும் ஒரே தளத்துக்குக் காட்டுங்கள். சுவரொட்டியிலும் பெயர்ப்பலகையிலும் தமிழ் முகவரியையே போடுங்கள்.